கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஒரு வெற்றுச் சோதனையும்

அவனைப் பழிவாங்குவது என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவனுடைய அறை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது. என் கையில் ஆய்வக நோட்டு இருந்தது. அதில் ஒரு பக்கம் அவனுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கும். அதைக் காட்டத்தான் போயிருந்தேன். காட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 1993க்குப் போக வேண்டும். அந்த வருடம்தான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி இருந்தது. அப்பா மல்லாட்டையும் கேப்பையும் போடுகிற விவசாயி. காலையில் ரோட்டு வரைக்கும் நடந்து வந்து பஸ் பிடிப்பேன். அவன் திண்டிவனம் டவுன் பையன். கெட்டிக்காரன். ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்வான். ஆனால் உட்கார்ந்து எழுதுகிற வேலை எதுவும் அவனுக்கு ஆகாது. மூன்று வருடத்தில் செய்முறைப் பதிவேட்டில் பாதிக்கு மேல் அவன் எழுதவே இல்லை.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னிடம் வந்து ரெக்கார்டைக் கேட்டான். ஒரே நாளில் பார்த்து எழுதிவிட்டுத் தருவதாகச் சொன்னான். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் பெண்களும் பையன்களும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரு பையன் வந்து இரண்டு நிமிடம் மரியாதையாகப் பேசியதே எனக்குப் பெரிதாக இருந்தது. கொடுத்தேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

தேர்வன்று வெளியூர்த் தேர்வாளரின் மேசையில் எல்லோருடைய ரெக்கார்டுகளும் அடுக்கியிருந்தன. அவன் முறை வந்தபோது அவர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதில் இருந்தது நான் வரைந்த படங்கள். பியூரெட்டின் நுனியில் தொங்கும் சொட்டை நான் எப்போதும் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன். அந்தச் சொட்டு எனக்குத் தெரிந்தது. அட்டையையும் முதல் பக்கத்தையும் கிழித்துவிட்டுத் தன் பெயரில் ஒன்று ஒட்டியிருந்தான்.

எங்கள் ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். பரீட்சை நேரத்தில் பிரச்சினை பண்ணாதே என்றார். பையனிடம் நோட்டைக் கொடுத்தது உன் தப்பு என்றும் சொன்னார். ரெக்கார்டு மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சிக்கு வேண்டியது மட்டும் எனக்குக் கிடைத்தது. வெளியே வேப்ப மரத்தடியில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"நீதான் நல்லா எழுதுறியே," என்றான். "ஒனக்கு இன்னொன்னு எழுதறது கஷ்டமா?"

சிரிக்கவில்லை, கிண்டலும் பண்ணவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தான். அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்தது.

அந்த மதிப்பெண்ணோடு எனக்கு அந்த வருடம் எம்.எஸ்சி. இடம் கிடைக்கவில்லை. அவனுக்குச் சென்னையில் கிடைத்தது. நான் இரண்டு வருடம் ஒரு நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தேன். பிறகு விழுப்புரத்தில் எம்.எஸ்சி., கல்யாணம், எம்.ஃபில்., இரண்டு பிள்ளைகள். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு வருடம் தாமதமாகவே எனக்கு வந்தது. அந்த இரண்டு வருடத்தை நான் யார் கணக்கில் எழுதி வைத்திருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

பல வருடம் கழித்து, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையோரமாக இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை வேலைக்குப் போனேன். நேர்காணல் மேசைக்குப் பின்னால் துறைத் தலைவராக உட்கார்ந்திருந்தது அவன். தலை கொஞ்சம் வழுக்கை, பேருக்கு முன்னால் டாக்டர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "இவங்க என் கிளாஸ்மேட், ரொம்ப சின்சியர்," என்று மற்றவர்களிடம் சொன்னான். அவன் சிபாரிசில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வேறு வழியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். வழி இல்லை. மற்றவர்கள் முன்னால் மேடம் என்பான், தனியாக இருந்தால் நீ என்பான். நான் எப்போதும் சார்தான்.

பகுதி நேர பிஎச்.டி.க்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் புகை. விழுப்புரத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய. உமியை எரித்து நெல் அவிக்கிறார்கள். அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பஸ்ஸில் போவேன். புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதற்கு ஒரு ஆலை, அதைச் சூடாக்கி விடுவித்து, குழாயில் அனுப்பி, எரிவாயுவாக மாற்றுவதற்கு இன்னொரு ஆலை என்றுதான் எல்லோரும் செய்வார்கள். இரண்டையும் ஒரே பொடியில் செய்ய முடியுமா என்று அப்போது உலகத்தில் சில இடங்களில் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பொடியில் பாதி சுண்ணாம்பு, அது வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே நிக்கல் துகள், அதுதான் வினையூக்கி. புகையை நிறுத்திவிட்டு அதே குழாயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், பிடித்து வைத்ததெல்லாம் அங்கேயே மீத்தேனாக மாறி வெளியே வரும். அடுப்பில் எரிக்கலாம்.

இதை நான் முதலில் சொல்லிப் புரிய வைத்தது எங்கள் ஆய்வக அட்டெண்டருக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்டுவிட்டு, சுண்ணாம்புதான் வேண்டும் என்றால் கடையில் ஏன் வாங்க வேண்டும், தன் மச்சான் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளையில் வேலை செய்கிறார் என்றார். அடுத்த வாரமே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்தார். வாங்கும் சுண்ணாம்பைவிட மென்மையாக, வெள்ளைவெளேர் என்று இருந்தது.

நிக்கல் உப்புக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, உலையில் சூடாக்கிப் பொடி செய்தேன். குவார்ட்ஸ் குழாயில் அடைத்து முந்நூற்றைம்பது டிகிரியில் வைத்து, முதலில் கார்பன் டை ஆக்சைடு, பிறகு ஹைட்ரஜன். வெளியே வரும் வாயுவைப் பிரித்துக் காட்டும் கருவியின் திரையில் மீத்தேன் வர வேண்டிய இடத்தில் ஒரு மேடு எழுந்தது. சின்ன மேடு இல்லை, திரையின் பாதி உயரத்துக்கு. அட்டெண்டர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது இன்னாமா, மல மாதிரி வந்துக்கினு கீது," என்றார். நான் அந்த நிமிடம் அழுதுவிட்டேன். அந்தக் கட்டடத்தில் எனக்கே எனக்கு என்று வந்த முதல் விஷயம் அது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது நான் செய்த முட்டாள்தனம். துறைத் தலைவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். அவன் கெட்டிக்காரன் என்று முன்பே சொன்னேன். ஒரு பார்வையில் விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்று மாலையே என் கணினியிலிருந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரத்தில் அவன் சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதைப் பேசிவிட்டான். திரும்பி வரும்போது கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். புகையிலிருந்து சமையல் எரிவாயு என்று பெரிய எழுத்து. ஒரு பக்கம் அவன் படம், இன்னொரு பக்கம் தாளாளர் படம், நடுவில் என் மேடு. என் பெயர் எங்கேயும் இல்லை. அரசு நிதி உதவிக்கு விண்ணப்பமும் போய்விட்டது, மூன்று வாரத்தில் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு நேரில் பார்க்க வருகிறது.

போய்க் கேட்டேன். பிஎச்.டி. முடிக்காதவர் பெயரைப் போட்டால் விண்ணப்பம் நிற்காது என்றான். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நீதான் நல்லா பண்றியே. இதை வெச்சி இன்னும் நாலு மெட்டீரியல் பண்ணிக்க. நான் தடுக்கவா போறேன்?"

இருபது வருடத்துக்கு அப்புறம், கிட்டத்தட்ட அதே வாக்கியம். அவனுக்கு அது நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குக் காதெல்லாம் சூடானது. ஆனாலும் அன்று நான் எதையும் முடிவு செய்யவில்லை. வேலையை ஒழுங்காக முடிப்போம், ஆய்வேட்டில் என் பெயர்தானே வரும் என்று சமாதானம் செய்துகொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

ஒழுங்காக முடிப்பது என்றால் வெற்றுச் சோதனையும் செய்ய வேண்டும். எல்லாம் அப்படியே, கார்பன் டை ஆக்சைடு மட்டும் கிடையாது. பொடிக்குப் பிடித்து வைக்க எதையுமே கொடுக்காமல் நேராக ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். மீத்தேன் வரக் கூடாது. திங்கட்கிழமை அதைச் செய்தேன்.

மேடு வந்தது. அதே உயரம்.

குழாயைக் கழற்றித் துடைத்து, புதுப் பொடி போட்டு மறுபடியும் செய்தேன். மறுபடியும் வந்தது. அப்புறம்தான் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தாத டப்பா. சூளையிலும் எங்களிடமும் சேர்த்து எத்தனை மாதம் ஈரக் காற்றில் கிடந்ததோ. சுண்ணாம்பு தானாகவே காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் குடித்து, திரும்பவும் கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதுவாகவே ஆகிவிட்டிருந்தது. நான் சூடாக்கிய சூட்டுக்கு அந்த வாயு விலகவில்லை. ஆக நாங்கள் பார்த்த மீத்தேன், நாங்கள் கொடுத்த வாயுவிலிருந்து வந்ததே இல்லை. ஃபிளெக்ஸில் இருந்த மலை வெறும் பழைய சுண்ணாம்பு.

அட்டெண்டர் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. தான் கொண்டுவந்த டப்பாவால்தான் என்று நினைத்தார். அப்படி இல்லை, நான்தான் முதலிலேயே சோதித்திருக்க வேண்டும் என்றேன். தேதி போட்டு, நேரம் போட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். சாட்சியாக அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். எங்கள் ஆய்வகத்தில் அது வழக்கம்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, அந்த நோட்டோடு அவன் அறைக்குப் போனேன். அவன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். குழு வரும் நாளில் வாசலில் கோலம், நாதஸ்வரம் வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு. உட்காரச் சொல்லவில்லை. கையால் நில் என்று காட்டினான். நின்றேன். பேசி முடித்துவிட்டு என் கையிலிருந்த நோட்டைப் பார்க்காமலே, அன்றைக்கு நான் மெஷினை மட்டும் ஓட்டினால் போதும், விளக்கம் எல்லாம் அவனே சொல்லிக்கொள்வான், கேள்வி கேட்டால் நடுவில் புகுந்து பேச வேண்டாம் என்றான். அப்புறம், எதற்கு வந்தாய் என்றான்.

சொல்லவேண்டிய வாக்கியம் வாய் வரைக்கும் வந்திருந்தது. "ஒண்ணும் இல்ல சார், மெஷின் ரெடியா இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

வெளியே வராந்தாவில் நடந்தபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. பயமோ குற்ற உணர்ச்சியோ ஒன்றும் இல்லை. நல்ல வெயிலில் நடந்து வந்தவள் பானைத் தண்ணீரைக் குடித்ததுபோல இருந்தது.

அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாட்களில் சேரும். வீட்டில் என் கணவர் என்ன பாட்டெல்லாம் பாடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். பழைய டப்பாவைப் பத்திரமாக மூடி அலமாரியில் வைத்தேன். அதிலிருந்தே புதிதாகப் பொடி செய்து வைத்தேன். ஒரு தடவை அவன் ஆய்வகத்துக்கு வந்து, எல்லாம் சரியாக வருமா என்று கேட்டான். "நீங்க பாத்த அதே பீக் வரும் சார்," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் போன பிறகு அட்டெண்டர் அண்ணன் வெகு நேரம் தரையையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சாருக்கு சொல்லிட்டியாமா?"

"சொல்றேண்ணே."

"சொல்லிடுமா. அவரு எனக்கு ஒண்ணும் கெடுதி பண்ணல."

எனக்குப் பண்ணினான் என்று சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பாமல் குழாயைத் துடைத்தேன்.

குழுவில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. இன்னொருவர் என் வயதுப் பெண், கைத்தறிப் புடவை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் வருவேன் என்று நின்றவர், வேண்டாம் என்று சொன்ன பிறகு உள்ளே வந்தார். அவன் அரை மணி நேரம் பேசினான். நன்றாகவே பேசினான். நான் வால்வைத் திறந்தேன், மூடினேன். திரையில் மேடு எழுந்தது. தாளாளர் கைதட்டினார்.

அந்த அம்மா கைதட்டவில்லை. வெற்றுச் சோதனை செய்து பார்த்தீர்களா என்று அவனைக் கேட்டார். செய்தோம் என்றான். யார் செய்தது என்றார். "நானே கூட இருந்து பண்ணேன் மேடம். மீத்தேன் ஒண்ணும் வரல," என்றான்.

அவன் அவ்வளவு தூரம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது, செய்யவில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு அறிவுரையோடு தப்பித்திருப்பான். நான் தோண்டிய குழி சின்னது. அதை ஆழமாக்கியது அவன்தான்.

அப்படியானால் இப்போதே ஒரு தடவை பார்த்துவிடலாம், புதுப் பொடி போட்டுச் சூடேற விடுங்கள், சாப்பிட்டுவிட்டு வருவோம் என்றார் அந்த அம்மா. அவன் என்னைப் பார்த்தான். நான் அலமாரியைத் திறந்து பொடியை எடுத்தேன்.

சாப்பாடு கல்லூரி உணவகத்தில் இலை போட்டு. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நான் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பாயசத்தையும் விடவில்லை.

திரும்பி வந்து, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் வால்வை அந்த அம்மாவே கையால் முறுக்கி மூடினார். ஹைட்ரஜன் குழாய்க்குள் போனது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிடத்தில் மேடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. காலையில் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. தாளாளர் மறுபடியும் கைதட்டப் போய், யாரும் தட்டாததைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

"ரன் பண்ணதெல்லாம் மேடம்தான்," என்றான் அவன். என்னைக் கையால் காட்டினான். "எனக்கு அவங்க குடுத்த டேட்டா."

அதற்காகவே காத்திருந்ததுபோல நான் நோட்டை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் விரித்தேன். தேதி, நேரம், வெற்றுச் சோதனை இரண்டு முறை, முடிவு, அட்டெண்டர் அண்ணன் கையெழுத்து. அவர் முழுவதும் படித்தார். காலையில் நானே கூட இருந்து பண்ணேன் என்று சொன்னவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரமா உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சே எங்களை வரவெச்சு காலையில இதை ஓட்டிக் காட்டினீங்க. அப்ப நீங்களும்தான் எங்களை ஏமாத்துனீங்க."

விரித்திருந்த நோட்டை மூடினேன். அப்படி ஒரு கேள்வியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எனக்குக் கைதட்டல் வேண்டாம், ஆனால் ஒரு சின்னத் தலையசைப்பாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

நிதி வரவில்லை. ஃபிளெக்ஸை அன்று மாலையே அவிழ்த்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அவனைத் துறைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள், அடுத்த பருவத்துக்கு முன்னால் அவனே வேலையை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போனான். அதெல்லாம் எனக்கு இனித்தது. இனிக்காதது, அட்டெண்டர் அண்ணனையும் ஆய்வகத்திலிருந்து எடுத்துக் கல்லூரி பஸ்களைக் கழுவும் ஷெட்டுக்கு அனுப்பியது. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏன் நிர்வாகத்துக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்களாம். என்னை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். நான் தாளாளரிடம் இரண்டு தடவை போய் அவருக்காகப் பேசினேன், பயனில்லை. ஷெட் பக்கம் போனால் அவர் தலையை மட்டும் அசைப்பார். ஒருநாள் வழிமறித்து மன்னிப்புக் கேட்டேன். "நீ சொல்றேன்னு சொன்னியேமா," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் பேசவே இல்லை, ஓய்வு பெறும்வரை.

கல்லூரியை விட்டுப் போவதற்கு முந்தின நாள் அவன் ஆய்வகத்துக்கு வந்தான். நான் கருவிகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என் மேல ஒனக்கு இவ்ளோ கோவம் இருக்கும்னு தெரியாது. ஃபிளெக்ஸுல பேரு போடாததுக்கா?"

"என் ரெக்கார்டுக்கு," என்றேன்.

"எந்த ரெக்கார்டு?"

சொன்னேன். அட்டையைக் கிழித்தது, வேப்ப மரம், அவன் சொன்னது, எனக்குப் போன இரண்டு வருடம். கவனமாகக் கேட்டான். நினைவுபடுத்திப் பார்க்க உண்மையாகவே முயன்றான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. பிறகு தலையை ஆட்டினான். அவனுக்கு வரவில்லை. யாரோ வேறு ஒருவன் செய்ததைக் கேட்பதுபோல, "அப்டியா பண்ணேன்?" என்றான். அந்த ஒரு கேள்வியால் என் வெற்றியில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டான். மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

எனக்கு அந்தப் பொடியைச் சரியாகச் செய்தே தீர வேண்டும் என்ற வெறி வந்தது அதற்கப்புறம்தான். சூளைக்கு நானே பஸ் பிடித்துப் போனேன். சுடச்சுட எடுத்த சுண்ணாம்பை இறுக்கமான பாட்டிலில் வாங்கி வந்தேன். இங்கும் நைட்ரஜனில் எண்ணூறு டிகிரிக்கு மேல் மறுபடி சுட்டேன். முதலில் வெற்றுச் சோதனை. திரையில் நேர்கோடு, ஒரு துடிப்பும் இல்லை. பிறகு கார்பன் டை ஆக்சைடு, பிறகு ஹைட்ரஜன். மேடு வந்தது. பழைய மலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அது அந்த வாயுவிலிருந்து வந்தது. பொடியை மாற்றாமல் மறுபடி மறுபடி ஓட்டினேன். பத்தாவது சுற்றில் நன்றாகக் குறைந்துபோனது.

2010களின் கடைசியில் பிஎச்.டி. முடித்தேன். கட்டுரை ஒரு சின்ன ஆய்விதழில் வந்தது. முதல் பெயர் என்னுடையது. அச்சானதும் நான் முதலில் செய்தது, அவனுடைய மின்னஞ்சல் முகவரியைத் தேடிப் பிடித்து அதை அனுப்பியதுதான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கட்டுரை மட்டும். அவன் அதைத் திறக்கும்போது முதல் வரியில் என் பெயரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வாழ்த்தோ கோபமோ இல்லை. முழுவதும் படித்திருக்கிறான் என்று தெரிந்தது. பத்தாவது சுற்றில் ஏன் குறைகிறது, சுண்ணாம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா அல்லது நிக்கல் செத்துவிடுகிறதா, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டிருந்தான். சரியான கேள்வி. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

பதில் எனக்குத் தெரியும். படங்களோடு என்னிடம் இருந்தது. நான் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை கேட்டான், இந்தத் தடவை நீங்க என்று. அதற்கும் நான் பதில் போடவில்லை.